இரண்டு படங்களுக்கு நடுவில் ஒரு கை

க்ளக். அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் மறுபடி க்ளக், இந்தத் தடவை கொஞ்சம் தயங்கி, பல் இல்லாத வாய் எதையோ கடித்துப் பார்த்த மாதிரி. நான் உடனே கையிலிருந்த போனைத்தான் பார்த்தேன். அதில் ஒரு மரப்பொம்மைக் கிழவி தாடையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவள் தாடைதான் என்று நினைத்து, நினைத்த அடுத்த நொடியே முதுகு சில்லிட்டது, ஏனென்றால் போனில் சத்தமே இல்லை. பிள்ளை மடியில் இருக்கும்போது நான் படங்களை ஊமையாக வைத்துத்தான் பார்ப்பேன், கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும், அது போதும். கிழவி வாய் திறக்கிறாள், க்ளக். மூடுகிறாள், ஒன்றுமில்லை. அவளுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று புரிய எனக்கு ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது. முன்பெல்லாம் இப்படி இல்லை. முன்பு என்றால் எப்போது, பிள்ளை பிறப்பதற்கு முன்பா, கல்யாணத்துக்கு முன்பா, அதுவும் சரியாகத் தெரியவில்லை. மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது, ஜன்னலுக்கு வெளியே பாலக்கரை முழுக்க மழையில் ஊறிக் கிடக்கிறது, ஹாலில் டிவியில் ஜெபமாலை ஓடுகிறது, அத்தை பாதித் தூக்கத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், டிவியில் இருக்கிறவர்கள் மாலையின் அடுத்த மணிக்குப் போன பிறகு இவர்கள் முந்தின மணிக்குப் பதில் சொல்கிறார்கள். எல்லாம் தினமும் கேட்கிற சத்தம். இது மட்டும் புதுசு. க்ளக். பிள்ளை பால் குடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். கண் சிமிட்டவில்லை. இந்த வயதுப் பிள்ளைகள் அதிகம் சிமிட்டாது என்று டாக்டர் மேடம் சொல்லியிருக்கிறார்கள், அது தெரியும், தெரிந்தாலும் நான் காத்திருக்கிறேன், சிமிட்டு, ஒரு தரம் சிமிட்டு, சிமிட்டினால் நான் மூச்சு விடலாம்.

கதவு ஒருக்களித்துக் கிடந்தது. கட்டிலில் இருந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தேன். ரெஜினா அண்ணி, என் வீட்டுக்காரர் கிளாட்வினுடைய அக்கா, திண்டுக்கல்லில் இருந்து வந்திருக்கிறவர்கள், தரையில் காலை மடித்து உட்கார்ந்து ஒரு கூடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையை வைத்துத் தூக்குகிற கூடை. வெளிர் நீலம், மேலே மடக்குகிற சின்னக் குடை, இரண்டு பக்கமும் பூட்டிக்கொள்கிற கைப்பிடி. கைப்பிடியை நிமிர்த்தினால் க்ளக். சாய்த்தால் க்ளக். அவ்வளவுதானா. அவ்வளவுதான். சிரிப்பு வந்தது, கூடையைப் பார்த்துப் பயந்திருக்கிறேன். கிளாட்வினிடம் போனில் சொன்னால் அவரும் சிரிப்பார், இல்லை, சிரிக்க மாட்டார், 'சத்தம் கேக்குதா ஜெசி, என்ன மாதிரி சத்தம்' என்று மெதுவாகக் கேட்பார், இப்போதெல்லாம் அவர் எல்லாவற்றையும் மெதுவாகத்தான் கேட்கிறார். ஓசூரில் கம்பெனிக்காரர்கள் நடுவில் நின்றுகொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்பார். சரி, கூடை. சத்தத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது, போனுக்குத் திரும்பலாம் என்று கண்ணைத் திருப்பினபோதுதான் நெஞ்சுக்குள் இன்னொன்று க்ளக் என்றது. கூடை எதற்கு. நாளைக் காலையில் பிள்ளைக்கு ஞானஸ்நானம். கோயில் தெருமுனையில் இருக்கிறது, நடந்தே போய்விடலாம், கையில் தூக்கிக்கொண்டு போகிற தூரம். அண்ணிதான் ஞானத்தாய், அவர்கள்தான் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள், வெள்ளைக் கவுனை மடியில் வைத்து இஸ்திரி போட்டுக்கூட முடித்துவிட்டார்கள். தெருமுனைக்குக் கூடை வேண்டாம். திண்டுக்கல்லுக்குத்தான் கூடை வேண்டும்.

ஆக அது நிஜம்தான். முந்தாநாள் சமையலறையில் நான் தண்ணீர் எடுக்கப் போனபோது சட்டென்று நின்ற பேச்சு, அதற்குப் பிறகு கிளாட்வின் போனில் சுற்றி வளைத்துச் சொன்னது, 'ஒரு மாசந்தான் ஜெசி, நீ நல்லாத் தூங்கி எந்திரி, அக்கா வீட்டுல ஏசி எல்லாம் இருக்கு, பால் டப்பா இருக்கு, அப்பறம் நாமளே கார் எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வந்துரலாம்'. நான் என்ன சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று சொன்னேனா. சொல்லியிருப்பேன், எனக்குச் சரி என்று சொல்லித்தான் பழக்கம், எட்டாவது படிக்கும்போது அம்மா செத்த பிறகு மணப்பாறையிலிருந்து அப்பா கொண்டுபோய்க் கான்வென்ட் போர்டிங்கில் விட்டபோதும் சரி என்றுதான் சொன்னேன், சிஸ்டர்கள் கேட்டதற்கெல்லாம் சரி சிஸ்டர். அம்மா இருந்திருந்தால் தலைப்பிரசவத்துக்கு அங்கே போயிருப்பேன், இந்த அறையில் இருந்திருக்க மாட்டேன். அண்ணிக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. கெட்டவர்கள் இல்லை, சத்தியமாக இல்லை, பிள்ளையைத் தூக்கும்போது அவர்கள் முகம் எப்படி ஆகிறது என்று நான் பார்த்திருக்கிறேன், தீர்த்தத் தொட்டிக்கு மேல் குனிகிறவர்கள் மாதிரி. அதுதான் பயம். கெட்டவர்களாக இருந்தால் சண்டை போடலாம். நாளைக்குக் கோயிலில் தலையில் தண்ணீர் ஊற்றி, பெயர் வைத்து, பிரியாணி சாப்பிட்டு, பத்திரமாகக் கூடையில் வைத்துக் க்ளக் என்று பூட்டி, ஒரு மாசம். ஒரு மாசத்தில் அவன் யார் வாசனையை அம்மா என்று நினைப்பான். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, அதை நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது என்றால் அது உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. என்னிடம் பிள்ளையை விடக் கூடாது என்று அவர்கள் சொல்வது சரியாக இருந்தால்?

கிழவி இன்னும் வாயைத் திறந்து மூடுகிறாள். போன் கேட்கிறது, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று. ஒவ்வொரு தரமும் கேட்கிறது, ஒவ்வொரு தரமும் யாரோ அறைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்ட மாதிரி திடுக்கென்று இருக்கிறது. ஆமாம், பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதெல்லாம் இந்தப் படங்களில்தான் ஆரம்பித்தது, அல்லது இந்தப் படங்கள் மட்டும்தான் என்னைப் பிடித்து வைத்திருக்கின்றன, இரண்டில் எது என்று தெரியவில்லை. பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் பால் கொடுக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன், தூங்கினால் பிள்ளையை நசுக்கிவிடுவேன் என்று பயம், அதனால் கண்ணைத் திறந்து வைக்க எதையாவது ஓட விடுவேன். நாலு மனிதர்கள் பேசுகிற படம் என்றால் தலை சுற்றியது. அப்போதுதான் அந்த ஆப் தானாகவே ஒரு வரிசையைக் காட்டியது, செக் நாட்டுப் பழைய படங்கள், புதுப்பிக்கப்பட்டவை, மாயம், திகில், பொம்மை. செக் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது, ஜியாக்ரஃபியில் சிஸ்டர் பழைய பாடப்படி பக்கத்து நாட்டோடு சேர்த்து ஒரே நாடாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்றைத் தொட்டேன். ஒரு தையல்காரன் கிணற்றில் விழுகிறான், உள்ளே தலைகீழாகத் தொங்குகிற ஒரு நகரம், அங்கே எல்லோரும் நிழலைத் தலையில் சுமந்துகொண்டு நடக்கிறார்கள். இன்னொன்றில் மாவு மில் வைத்திருக்கிற ஒருத்தி பிள்ளைகளைச் சாப்பிட உட்கார வைத்துத் தட்டு வைக்கிறாள், ஒரு தட்டு குறைகிறது, மறுபடி வைக்கிறாள், மறுபடி குறைகிறது. எந்தப் பிள்ளை கூடுதல் என்று அவளுக்குத் தெரியவில்லை, எல்லாமே அவளை அம்மா என்றுதான் கூப்பிடுகின்றன. நான் அதைப் பார்த்துவிட்டு மடியில் இருந்தவனை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இவன்தானா. ஆஸ்பத்திரியில் மாற்றியிருந்தால். காது மடல் கிளாட்வினுடையது, அது தெரியும், ஆனால் காது மடல் மட்டும் போதுமா.

இருந்தாலும் நிறுத்த முடியவில்லை. எல்லாப் படமும் நேற்று எடுத்த மாதிரி பளிச்சென்று இருந்ததுதான் என்னைக் குழப்பியது. அப்பா பிறந்த காலத்துப் படம், ஆனால் பொம்மையின் கம்பளிச் சட்டையில் ஒவ்வொரு இழையும் தெரிகிறது. படத்துக்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம் வரும், திரையில் பாதி பழசு, கீறலும் புள்ளியும் மழை மாதிரி விழுந்துகொண்டு, பாதி புதுசு. வெள்ளைக் கையுறை போட்ட ஒரு அம்மாள் சொல்கிறாள், தூசியை எடுத்தோம், கீறலை எடுத்தோம், கைரேகையை மட்டும் விட்டுவிட்டோம், அது படத்தைச் சேர்ந்தது என்று. அது என்ன கைரேகை என்று அப்போது புரியவில்லை. அப்புறம் அந்தக் களிமண் மனிதன் படம் வந்தது, அவன் கன்னத்தில், நெற்றியில், கழுத்தில் எல்லாம் யாரோ ஒருத்தருடைய விரல் பதிந்திருந்தது, ஒவ்வொரு நொடியும் வேறு வேறு இடத்தில், முகம் கொதிக்கிற மாதிரி இருந்தது. அவன் தானாக நடக்கவில்லை. ஒரு அடி எடுத்து வைப்பதற்குள் யாரோ வந்து வந்து அவனைத் தொட்டு நகர்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள், நாம் பார்க்கும்போது மட்டும் அந்த ஆள் அங்கே இல்லை. எனக்கு உடனே சிஸ்டர் ஹெர்மினா ஞாபகம் வந்தது. கான்வென்டில் கிறிஸ்மஸ் குடில் வைத்தால் மூன்று ராஜாக்களை உடனே தொழுவத்துக்குக் கொண்டுபோக விட மாட்டார்கள், தூரத்தில் படிக்கட்டுக்குக் கீழே வைத்துவிட்டு, தினமும் ஒருத்தி வந்து விரல்கடை அளவு நகர்த்த வேண்டும், ஜனவரியில் அவர்கள் திருநாள் அன்றைக்குத்தான் போய்ச் சேர வேண்டும். என் முறை வந்தபோது ஒட்டகத்தைச் சேர்த்துத் தூக்கி நிறைய தூரம் வைத்துவிட்டேன். 'ஜெசிந்தா, அவங்க நடந்து வர்றாங்க, பஸ்ல வரல' என்றார்கள் சிஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். யாரும் பார்க்காதபோது நகர்த்து, பார்க்கும்போது அவர்களாக வந்த மாதிரி இருக்க வேண்டும். அதை நான் செக் படக்காரர்களிடம் கற்றுக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு முன்பே தெரியுமே.

அதனால்தான் மூன்று நாளைக்கு முன்னால் அதைச் செய்தேன். மத்தியானம் பிள்ளை நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். வெள்ளைப் போர்வையை விரித்து, தலையணைப் பஞ்சைப் பிய்த்து மேகம் மாதிரி வைத்து, கீழே காம்பவுண்டில் இருந்த நந்தியாவட்டையைப் பறித்து வந்து நட்சத்திரம் மாதிரி சுற்றிலும் வைத்து, நடுவில் அவனைப் படுக்க வைத்தேன். ஸ்டூலில் ஏறி மேலிருந்து ஒரு படம். இறங்கி அவன் கையைத் துளி நகர்த்தி, ஏறி ஒரு படம். காலைத் துளி. பூவைத் துளி. ஏறி இறங்கி ஏறி இறங்கி, தையல் போட்ட இடம் வலித்தது, அது தெரியவே இல்லை, பிள்ளை பிறந்த பிறகு முதல் தடவையாக எனக்குப் பசித்தது, பாடக்கூடச் செய்தேன் என்று நினைக்கிறேன். அப்போதுதான் அத்தை லேகிய உருண்டையோடு உள்ளே வந்தார்கள். நான் ஸ்டூல் மேல். கீழே வெள்ளைத் துணியில், பூவுக்கு நடுவில், கண் மூடி, அசையாமல் பிள்ளை. "ஐயோ சேசுவே" என்று ஒரு சத்தம். அத்தைக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. தட்டு விழுந்தது. பூவையெல்லாம் வாரி வாரி ஜன்னல் வழியாக எறிந்தார்கள், பஞ்சை எறிந்தார்கள், பிள்ளையைப் பிடுங்கி எடுத்து உலுக்கினார்கள், அவன் வீறிட்டு அழுத பிறகுதான் நிறுத்தினார்கள். "விளையாட்டு அத்தே, படம் எடுக்கறேன், பறக்கற மாதிரி" என்றேன். அவர்கள் காதில் விழவில்லை. அன்று சாயந்திரமே அண்ணிக்குப் போன் போனது. மறுநாள் அண்ணி பையோடு வந்து இறங்கினார்கள். வந்ததும் என் போனை வாங்கிப் பார்த்தார்கள், மரக்கிழவியைப் பார்த்தார்கள், தலைகீழ் நகரத்தைப் பார்த்தார்கள். "ஏன் ஜெசி, பச்சப் பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே இந்தப் பேயெல்லாமா பாப்பாங்க? உங்க கான்வென்ட்ல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று சிரித்தபடிதான் கேட்டார்கள். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை.

ஒரு விளையாட்டுக்கு ஏன் அப்படி ஒரு அலறல். அதிலிருந்துதான் எனக்கே சந்தேகம். அவர்கள் பார்த்தது ஏதோ ஒன்று, நான் பார்க்காதது. நான் அந்தப் படங்களை எல்லாம் சேர்த்து ஓட விட்டுப் பார்த்தேன், சில நொடிகள்தான் வரும், பிள்ளை மேகத்துக்கு நடுவில் கையை வீசிக்கொண்டு பறக்கிறான், ஒரு நட்சத்திரத்தை உதைக்கிறான், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு படத்தில் ஓரமாக ஒரு கை இருக்கிறது. ஸ்டூலில் இருந்தே குனிந்து நகர்த்திவிட்டு எடுக்க மறந்த கை மாதிரி. உப்பி, வெளுத்து, மோதிரம் இல்லாமல். என் கையில் மோதிரம் உண்டு, கல்யாண மோதிரம், உள்ளே இரண்டு பேர் பெயரும் பொறித்தது. இது யார் கை. அறையில் அப்போது வேறு யாரும் இல்லை. நான் இப்போதும் அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். கையைப் பார்க்கிறேன், பிள்ளையைப் பார்க்கிறேன். ராத்திரி பால்கனிப் பக்கம் பிள்ளையோடு போகும்போது கம்பி இருக்கிறது என்று தெரிந்தும், கை தானாக நீண்டுவிடுமோ என்று ஒன்று வந்து போகும், வேண்டாம் வேண்டாம் என்று உள்ளே ஓடி வந்துவிடுவேன். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கூடை இன்னும் சீக்கிரம் வந்திருக்கும். நான் செய்ய மாட்டேன். செய்ய மாட்டேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் பிறகு ஏன் ஓடி வருகிறேன். இரண்டு படங்களுக்கு நடுவில் என்ன நடந்தது என்று படத்தில் இருக்கிற பொம்மைக்குத் தெரியாது, நான் பொம்மையா, கையா, ஒருவேளை அண்ணியிடம் கொடுத்து அனுப்புவதுதான் நல்ல அம்மா செய்கிற காரியமா. பிள்ளை ஒரு தரம் கண்ணைச் சிமிட்டினான். மூச்சு விட்டேன்.

டிவி நின்றது. செருப்பில்லாத கால் சத்தம், அத்தைதான், வலது காலை இழுத்து வைப்பார்கள். போனை மறைப்பதற்குள் உள்ளே வந்துவிட்டார்கள். "என்னா, மறுபடியும் அந்தக் கெழவியா?" என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். இல்லை அத்தே என்றேன், போனில் கிழவி வாயைத் திறந்தாள். அத்தை கிட்டே குனிந்து பார்த்தார்கள். ரொம்ப வருஷம் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவர்கள், நாளைக்குப் போடப் போகிற வெள்ளைக் கவுன்கூட அவர்கள் தைத்ததுதான். "சாத்தானுக்குச் சட்டை நல்லாத்தான் தச்சிருக்கான் வெள்ளைக்காரன். பட்டனத்தான் எடம் மாத்தி வச்சுட்டான், ஆம்பளச் சட்டைக்கு வைக்கிற பக்கம். குளிரு காலத்துல பாவம் கெழவி அவிழ்க்கத் தெரியாம நிக்கப் போறா." எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அத்தை சிரிக்கவில்லை. "அத எடு" என்றார்கள். "எத அத்தே?" "அன்னைக்கு நீ எடுத்தியே. பூ வச்சு. அது." நாளைக்குக் கிளாட்வின் வந்ததும் காட்டுவதற்கா, சாமியாரிடம் காட்டுவதற்கா, டாக்டரிடமா. "அழிச்சிட்டேன்" என்றேன். "பொய் சொல்லாத. அத வச்சுக்கிட்டுத்தான் மூணு நாளா உக்காந்திருக்க. காட்டு."

காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்கள், அதன் கூட்டை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டார்கள். பிள்ளை மேகத்துக்குள் பறந்தான், கையை வீசினான், நட்சத்திரத்தை உதைத்தான், முடிந்தது. "மறுபடி போடு." போட்டேன். "இந்தா, இங்க, கை ஒண்ணு வருது பாரு" என்றார்கள். ரத்தமெல்லாம் காதுக்கு வந்த மாதிரி இருந்தது. "அது யார் கை அத்தே?" என்று கேட்டுவிட்டேன், குரல் எனக்கே கேட்கவில்லை. அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "உன் கைதான்டி. யார் கையி?" "மோதிரம் இல்லையே." "மோதிரம் என் பீரோவுல கெடக்கு. ஆஸ்பத்திரில உனக்குக் கை வீங்கி, நர்சு சோப்பப் போட்டு உருவி என் கைல குடுத்தாளே, மறந்துட்டியா? நீ எங்க நெனவுல இருந்த." நான் கையை விரித்துப் பார்த்தேன். மோதிரம் இல்லைதான். எத்தனை தடவை இந்தக் கையைப் பார்த்திருக்கிறேன், பிள்ளையைத் துடைக்கும்போது, சாப்பிடும்போது, அதில் மோதிரம் இருப்பதாகவேதான் பார்த்திருக்கிறேன். அழுகை வந்தது. நிம்மதியாலா அவமானத்தாலா தெரியவில்லை. அத்தை அழாதே என்று சொல்லவில்லை. "மறுபடி போடு" என்றார்கள்.

நாலைந்து தரம் பார்த்த பிறகு கண்ணாடிக் கூட்டின் அடியில் இருந்த துணியை எடுத்தார்கள், துணிக்குக் கீழே ஒரு போட்டோ, கூட்டுக்கு அளவாக மடித்தது, மடிப்பு நடுவில் வெள்ளையாகக் கீறிப்போயிருந்தது. கறுப்பு வெள்ளை. வெள்ளைக் கவுன் போட்ட ஒரு பிள்ளை. சுற்றிலும் பூ. கண் மூடியிருந்தது. நான் பிடித்திருந்த போனிலும் அதேதான் இருந்தது, வெள்ளைத் துணி, பூ, மூடின கண். "என் தலைப்பிள்ள, ரெஜினாவுக்கு முன்னாடி பொறந்தவன்" என்றார்கள் அத்தை. "ஞானஸ்நானத்துக்குத் தச்ச கவுனு. அடக்கத்துக்கு முன்னாடி அதப் போட்டுத்தான் படம் எடுத்தோம். உங்க மாமா ஸ்டுடியோக்காரரக் கூட்டியாந்தாரு. பூ வைக்கச் சொன்னது நான்தான், சும்மா வெள்ளையா இருக்கேன்னு. பிள்ளைங்க ரெண்டுக்கும் தெரியாது, இப்பிடி ஒருத்தன் இருந்தான்னு. அன்னைக்கு நான் கதவத் தெறந்தப்ப எனக்கு என்ன தெரிஞ்சுச்சுன்னு நெனைக்கிற நீ?" நினைக்கவில்லை அத்தே, நான் மேகம் என்றுதான் நினைத்தேன். அவர்கள் போட்டோவைப் போனுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். போனில் பிள்ளை கையை வீசினான். போட்டோவில் கை மார்பின் மேல் அப்படியே இருந்தது. "இதையும் அந்த மாதிரி அசைய வைக்க முடியுமா?" என்று கேட்டார்கள், காய்கறிக்காரனிடம் விலை கேட்கிற குரலில், பெரிதாக ஒன்றும் இல்லாத மாதிரி. "எத்தன போட்டோ இருக்கு அத்தே?" "ஒண்ணுதான்." போனில் ஏதேதோ ஆப் இருக்கிறது, செத்தவர்களைச் சிரிக்க வைக்கிறது, தலையாட்ட வைக்கிறது, பார்த்திருக்கிறேன், ஆனால் அது யாரோ கண்டுபிடித்த அசைவு, அந்தப் பிள்ளை அசைந்தது இல்லை. "ரெண்டாவதா ஒண்ணு வேணும் அத்தே. கொஞ்சம் நகந்து எடுத்தது. ஒண்ணு மட்டும் இருந்தா அசையாது." அத்தை தலையை ஆட்டினார்கள். மடித்த இடத்திலேயே மறுபடி மடித்துக் கூட்டுக்குள் வைத்தார்கள். "அப்பிடியா" என்றார்கள்.

வெளியில் க்ளக் என்றது. அண்ணி எழுந்திருக்கிற சத்தம், கொலுசு. "அம்மா, முழிச்சிருக்கானா? கூடைல ஒரு தரம் படுக்க வச்சுப் பாத்துரலாம்மா, நாளைக்கு அவசரத்துல பெல்ட்டு மாட்ட வராது." கூடையின் நீலம் கதவு இடுக்கில் தெரிந்தது. நான் பிள்ளையை இறுக்கினேன், இறுக்கியதும் ரொம்ப இறுக்குகிறேனோ என்று பயந்து தளர்த்தினேன், தளர்த்தியதும் விழுந்துவிடுவான் என்று பயம். அத்தை அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். "உன்ன நம்பறேன்னு சொல்ல மாட்டேன் ஜெசி" என்றார்கள் தாழ்ந்த குரலில். "எனக்கும் உன்னப் பாத்தாப் பயமாத்தான் இருக்கு. திங்கக்கெழம டாக்டரம்மாகிட்டப் போறோம், உன் மனசுல வர்றது எல்லாத்தையும் சொல்லணும், எல்லாத்தையும், நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். அது வரைக்கும் ராத்திரி நான் இங்கதான் படுப்பேன், அவனுக்கும் உனக்கும் நடுவுல. புரியுதா?" சரி என்றேன். முதல் தடவையாக எதற்குச் சரி சொல்கிறேன் என்று தெரிந்து சொன்ன மாதிரி இருந்தது, முழுதாகத் தெரிந்ததா என்றால் அதுவும் இல்லை.

அத்தை எழுந்து காலை இழுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனார்கள். "ரெஜினா, அத மடிச்சு வையி. பிள்ள எங்கயும் போகல." "என்னம்மா சொல்ற? அவருகிட்டச் சொல்லி ரூமுக்குப் பெயின்ட்டெல்லாம் அடிச்சு வச்சிருக்கேம்மா." "நாளைக்கு நீதான் தூக்குற, நீதான் ஞானத்தாயி, அத யாரும் மாத்தல. பிள்ள இங்க இருக்கும். உனக்குப் பாக்கணும்னா நீ வந்து இரு, ஒரு மாசம் இரு, எனக்கும் பாத்திரம் தேய்க்க ஆளாச்சு." அண்ணி சிரிக்கவில்லை. "அவளுக்குச் சரியில்லன்னு நீதானேம்மா எனக்குப் போன் பண்ணுன" என்றார்கள், குரல் நடுவில் உடைந்தது, அந்தக் குரலைக் கேட்டு எனக்கு எழுந்து போய்ப் பிள்ளையை அவர்கள் கையில் கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. "ஆமா, பண்ணுனேன்" என்றார்கள் அத்தை. "போய்ப் படு கண்ணு. கவுனு மேல கூடைய வச்சுராத, கசங்கிரும்." கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணி நின்றுகொண்டே இருந்தார்கள், நிழல் தெரிந்தது. அத்தையும் இந்தப் பக்கம் கதவில் கை வைத்து நின்றார்கள். மகளுக்காக நிற்கிறார்களா, எனக்காகவா, கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறவனுக்காகவா, என்னை உள்ளே வைத்துக் காவல் காக்கவா, எனக்கு ஒன்றும் புரியவில்லை, புரியவேண்டிய அவசியம் இன்றைக்கு இல்லை என்றும் இருந்தது. பிள்ளை மறுபடி பால் குடிக்க ஆரம்பித்தான். மழைக்குக் கதவு ஊதியிருந்தது, நிலையோடு ஒட்டவில்லை, அத்தை தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள், வலிக்கிற காலை ஊன்றி முழங்காலால் கீழே ஒரு முட்டு முட்டித் தூக்கினார்கள், தாழ்ப்பாள் துவாரத்தின் விளிம்பில் உரசி நின்றது, இன்னொரு முட்டு, அது உள்ளே போயிற்று.